இரட்டைப் பதிவுகள்: பூஜ்யம்

அக்கா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். கவிழ்த்து வைத்தால் அதன் முதுகு உடையும் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், அன்று அதைச் சாப்பாட்டு மேசையில் கழுவின தட்டைப் போலக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் பூதக்கண்ணாடி கிடந்தது.

மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த தங்கை அன்றுதான் ஊர் திரும்பியிருந்தாள். பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“லைப்ரரில இருந்து மூணாம் பாகம் வந்துடுச்சா?” என்றாள்.

“வந்துச்சு. எனக்குத்தான் வரல.”

தங்கை புத்தகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். சாதாரணப் பதிப்பு. எழுத்து எறும்பு வரிசைபோலப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா காலமெல்லாம் தையல் வேலை பார்த்தவள். இருட்டில்கூட ஊசி கோக்கிற கண் அவளுடையது. அந்தக் கண்ணில் நட்டநடு மட்டும் இப்போது அழிந்துகொண்டு வந்தது. எதிரில் நிற்பவரின் இரண்டு காதும் தெரியும், மூக்கு தெரியாது. வைத்தியம் பார்த்தும் பெரிய மாற்றம் இல்லை. அவளைக் காப்பாற்றியது நூலகத்தின் பெரிய எழுத்துப் பதிப்புகள்தான். நடுவில் தெரியாததை ஓரத்தால் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்து, ஒரு பஞ்சாலையைப் பற்றிய மூன்று பாக நாவலில் இரண்டு பாகங்களை முடித்திருந்தாள். இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஆலை எரிகிறது. தீ வைத்தது யார் என்பது மூன்றாம் பாகத்தில். படித்தவர்கள் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்வாள். வாசித்துக் காட்டட்டுமா என்று தங்கை ஒரு தடவை கேட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை.

இப்படி வருவது இரண்டாவது தடவையாம். பெரிய எழுத்துக்கு முன்பதிவு செய்தால் சின்ன எழுத்து வருகிறது. திருப்பிக் கொடுத்து மறுபடி பதிந்தால் மறுபடியும் அதே. கவுன்டரில் இருந்த பெண், “இதான்மா உங்க பேர்ல வந்திருக்கு” என்று சிரித்த முகமாகவே சொன்னாளாம்.

“எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?”

“போட்டா நீ அங்க இருந்தே பத்துப் பேரைத் திட்டுவே. பச்சைக் குழந்தை பக்கத்துல என்னத்துக்கு?”

அது உண்மைதான். தங்கை கோபக்காரி. அவள் பதினோரு நூலகங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் தலைமை அலுவலகத்தில் பொதுக் கேட்லாக்கைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு பதிவில் முற்றுப்புள்ளி இடம் மாறி விழுந்திருந்தால்கூடச் சம்பந்தப்பட்ட கிளைக்குப் போன் போட்டுக் கேட்பாள். அதனால் முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் புள்ளிக்காரி என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். புள்ளியே வைக்கத் தெரியாதவர்கள் வைத்த பெயர் என்று விட்டுவிட்டாள்.

பொதுக் கேட்லாக் என்பது வேறொன்றுமில்லை, எல்லாக் கிளைக்குமான ஒரே புத்தகப் பட்டியல். பதினோரு வீட்டுத் துணியையும் ஒரே கொடியில் காயப்போடுவது மாதிரி. ஒரு பதிப்புக்கு ஒரு பதிவு. அந்தப் பதிவின் கீழே, எந்தக் கிளையில் எத்தனை பிரதி என்று தொங்கும். வாசகர் முன்பதிவு செய்யும்போது குறிப்பிட்ட ஒரு பிரதியைக் கேட்பதில்லை, பதிவைக் கேட்கிறார். அந்தப் பதிவின் கீழே தொங்கும் பிரதிகளில் எது முதலில் கைக்கு வருகிறதோ அது அவர் பெயருக்கு வரும். அழகான ஏற்பாடு. ஆனால் ஒரே புத்தகத்துக்கு இரண்டு கிளைகள் தனித்தனியாகப் பதிவு போட்டுவிட்டால் அழகு கெட்டுவிடும். ஒரு பதிவில் ஆள் காத்திருப்பார், இன்னொன்றின் கீழே பிரதி அலமாரியில் தூங்கும். அதனால் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து ஒன்றோடு ஒன்றை இணைக்க வேண்டும். இணைத்தால் ஒரு பதிவு செத்துப்போகும், அதன் பிரதிகள் பிழைத்திருக்கும் பதிவுக்கு மாறிவிடும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. பெரிய எழுத்துப் பதிப்புக்கும் சாதாரணப் பதிப்புக்கும் தலைப்பு ஒன்று, ஆசிரியர் ஒன்று, பல சமயம் ஆண்டும் ஒன்று. பதிவின் தலைப்பகுதியில் ஒரே ஓர் எழுத்து போடுகிற அளவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இது பெரிய எழுத்து என்று சொல்வது அந்தக் கட்டம்தான். அதைப் பார்க்காமல் இணைத்தால், இரண்டு சட்டையின் பொத்தான்களையும் ஒரே டப்பாவில் கொட்டின கதை. எது எதற்கு என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை தங்கை அலுவலகத்துக்குள் நுழைந்தாள். வரவேற்புக் கூடத்தில் புதிதாக ஒரு பெரிய திரை மாட்டியிருந்தார்கள். ‘இரட்டைப் பதிவுகள்: 0’ என்று பச்சை நிறத்தில் மின்னியது.

நாற்காலியை இழுத்துப் போட்டு நாவலின் மூன்றாம் பாகத்தைத் தேடினாள். பதினோரு நூலகத்துக்கும் பெரிய எழுத்தில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு, அது ஆற்றோரக் கிளையில் இருந்தது. அதற்கான பதிவு இல்லை. சாதாரணப் பதிவு மட்டும் இருந்தது. அதன் கீழே பிரதிகள் ஒரே கும்பலாகத் தொங்கின. இன்னொரு புத்தகம் தேடினாள், அதுவும் அப்படியே. இன்னொன்று. கூட்டமைப்பில் பெரிய எழுத்து என்று சொல்லிக்கொள்ள ஒரு பதிவுகூட மிஞ்சவில்லை.

ஒவ்வொரு பதிவின் அடியிலும், அதைக் கடைசியாகத் திருத்தியவரின் குறி நிற்கும். பார்த்தாள். எல்லாவற்றிலும் நின்றது அவளுடைய குறி.

முதலில் புரியவில்லை. பிறகு உறை ஞாபகம் வந்தது. நீண்ட விடுப்பில் போகிறவர்கள் கடவுச்சொல்லை ஓர் உறையில் போட்டு ஒட்டி இயக்குநரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். தீப்பிடித்தால், சர்வர் படுத்தால், அப்போது திறக்க. அவளும் கொடுத்திருந்தாள்.

கூட்டமைப்புக்குப் புதிதாக வந்திருந்த இயக்குநர் இதற்குமுன் சரக்குக் கிடங்குகளை நிர்வகித்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஞாபகம் வைத்து விசாரிப்பார். ஆனால் எதைப் பார்த்தாலும் பூஜ்யம் ஆக்க வேண்டும் அவருக்கு. தாமதம் பூஜ்யம், புகார் பூஜ்யம், மிச்சம் பூஜ்யம். ஊழியர்களும் அவருக்குப் பூஜ்யம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் அவர் அறைக் கதவைத் தட்டவில்லை, நேரே உள்ளே போனாள்.

“வாங்க மேடம், உட்காருங்க. பேத்தி எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா. என் உறையை யார் சார் பிரிச்சது?”

பூஜ்யம் மறைக்கவில்லை. பதிவுகளை இணைக்கும் உரிமை அவள் கணக்குக்கு மட்டும்தான் இருந்தது, ஆட்சிக்குழு வருவதற்குள் கேட்லாக்கைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது, தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் ஒத்துப்போனால் தானாக இணைக்கிற மாதிரி ஒரு நிரல் எழுதச் சொன்னேன், ஒரே இரவில் முடிந்தது என்றார். ஒரே நாவலுக்கு ஒன்பது பதிவு இருந்தது உங்களுக்கே தெரியும்தானே என்றும் கேட்டார். தெரியும். அதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவளே அவள்தான். ஆள் கேட்டாள், நேரம் கேட்டாள், கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இணைக்கிறேன் என்றாள். அப்போதெல்லாம் யாருக்கும் அவசரம் இல்லை.

“பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒண்ணாக் கலந்துட்டீங்க சார்.”

“எழுத்து பெருசா இருந்தா கதை மாறிடுமா மேடம்?”

“மாறாது. உங்க கண்ணு மாறட்டும், அப்ப தெரியும்.”

இப்படி யாரிடமும் அவள் பேசியதில்லை. சொன்ன பிறகும் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. பூஜ்யம் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். இன்று மதியம் ஆட்சிக்குழு வருகிறது, அவர்கள் போகும்வரை யாரும் எதையும் தொட வேண்டாம், குறை இருந்தால் அடுத்த மாதம் பேசலாம் என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இடத்துக்குத் திரும்பிய பிறகுதான் அவளுக்கு அடுத்தது உறைத்தது.

கூட்டமைப்பில் இன்னொரு விதி உண்டு. ஒரு பதிவின் கீழே தேவைக்கு மேல் பிரதிகள் சேர்ந்தால், உபரி என்று கணினியே கிளைகளுக்குக் கழிப்புச் சீட்டு அனுப்பிவிடும். கிளைக்காரர் உபரியைக் கழித்து, பார்கோடைக் கிழித்து, ‘நீக்கப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கட்டிவைப்பார். பழைய தாள் லாரி வந்து கூழாக்கும் ஆலைக்கு அள்ளிக்கொண்டு போகும். இரண்டு பதிவை ஒன்றாக்கினால் பிரதிகள் ஒரே இடத்தில் குவியும். குவிந்தால் உபரி. உபரி என்றால் லாரி.

சந்தைக் கிளைக்குப் போன் போட்டாள். அங்கே இருக்கிற நூலகர் வாய்ச்சவடால்காரர். போனை எடுத்ததும், “என்ன மேடம், வந்ததும் வராததுமா? எந்தப் புள்ளி காணாமப் போச்சு?” என்றார்.

“கழிப்புச் சீட்டு வந்துச்சா உங்களுக்கு?”

“வண்டி வண்டியா வந்துச்சு. அதிலயே முதுகு ஒடிஞ்சுபோச்சு.”

“எதைக் கழிச்சீங்க?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “தடிதடியா இருக்கறதை முதல்ல. ஒண்ணை எடுத்தா மூணு வைக்க இடம் கிடைக்குதுல்ல.”

“அது பெரிய எழுத்துப் புத்தகம் சார். அதான் தடியா இருக்கு. அது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம்.” அவர் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. “வேற யார் குறி இருந்தாலும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். பதிவுல உங்க குறி இருந்துச்சு. ஒரு புள்ளிக்கே போன் போடுறவங்க, பார்க்காமலா செஞ்சிருப்பாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கழிச்சேன்.”

கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் புள்ளி புள்ளியாகச் சேர்த்த நம்பிக்கை. அதைத்தான் உறையைப் பிரித்து எடுத்துச் செலவழித்திருக்கிறார்கள். பதிவுகளில் பூஜ்யத்தின் குறி இருந்திருந்தால் பதினோரு கிளைகளும் முரண்டு பிடித்திருக்கும். அவள் குறி இருந்ததால் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை.

லாரி எப்போது என்று கேட்டாள். மதியம் என்றார். வேறு கிளைகளுக்கு ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசினாள், சிலருக்குக் கெஞ்சலும் சிலருக்குத் திட்டுமாக. நான் நேரில் சொல்கிறவரை ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது என்றாள். ஆற்றோரக் கிளையில் யாரும் போனை எடுக்கவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கூடத்தில் பூஜ்யம் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் கடந்து போனாள்.

சந்தைக் கிளையின் பின்பக்கம் லாரி வந்து நின்றிருந்தது. நூலகர் எல்லாப் பையிலும் கையை விட்டுச் சாவி தேடிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் படியில் உட்கார்ந்து அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாவி இல்லைன்னா சொல்லுங்க சார், கதவைக் கழட்டிடுவோம்,” என்றார் லாரிக்காரர்.

“கழட்டலாம். திரும்ப மாட்டுறது யாரு?”

அவளைக் கண்டதும் சாவி சட்டைப் பையிலிருந்தே வந்துவிட்டது. நூலகர் லாரியில் மற்றப் பழைய தாள்களை மட்டும் ஏற்றிவிட்டார். முணுமுணுத்துக்கொண்டே லாரிக்காரர் வண்டியை எடுத்தார்.

பின்னறையில் நைலான் கயிற்றால் கட்டிய கட்டுகள் கூரையைத் தொட்டன. ஒன்றை அவிழ்த்தாள். தடித்த அட்டை, தடித்த தாள், பக்கத்துக்குக் கொஞ்சமே வரிகள், வெள்ளையாய் அகன்ற ஓரம். முதல் பக்கத்தில் குறுக்கே சிவப்பில் ‘நீக்கப்பட்டது’. பார்கோடு கிழிந்த இடத்தில் பசை பிசுபிசுத்தது. பார்கோடு இல்லாத புத்தகம் கணினியைப் பொறுத்தவரை புத்தகமே இல்லை, வெறும் கனம். இணைத்ததைப் பிரிக்கவும் வழியில்லை. செத்த பதிவைக் கணினி எழுப்பித் தராது. இருப்பது ஒரே வழி. புத்தகத்தைக் கையில் எடுத்து, திறந்து பார்த்து, புதிதாகப் பிறந்த பிள்ளையைப் போல அதற்கு முதலிலிருந்து ஒரு பதிவு எழுதி, அந்த ஓரெழுத்துக் கட்டத்தை நிரப்பி, புதிய பார்கோடு ஒட்ட வேண்டும்.

“யாரும் எதையும் தொடக் கூடாதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கே மேடம்,” என்றார் நூலகர், அடுத்த கட்டை அவிழ்த்துக்கொண்டே.

“நீங்க தொடாதீங்க. எடுத்து மட்டும் குடுங்க.”

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் எழுதினாள். கோபத்தில் விசைப்பலகை அதிர்ந்தது, ஆனால் ஒரு புள்ளி இடம் மாறவில்லை.

அவளுக்குத் தெரியும், பூஜ்யத்தின் நிரலுக்கு அந்தக் கட்டம் தெரியாது. தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் ஒத்துப்போகிற ஒவ்வொரு புதிய பதிவையும் அது இரட்டைப் பதிவு என்றே எண்ணும். எண்ணட்டும் என்றே எழுதினாள்.

சாயங்காலம் தலைமை அலுவலகக் கவுன்டரிலிருந்து, அக்காவுக்குப் புத்தகம் கொடுத்த அந்தச் சிரித்த முகத்துப் பெண் கூப்பிட்டாள். குரலை அமுக்கிப் பேசினாள்.

“மேடம், கூடத்துல இருக்கற திரை சிவப்பாயிடுச்சு. முப்பத்தொண்ணுன்னு காட்டுது. ஆட்சிக்குழுல இருந்து வந்தவங்க முன்னாடியே நிக்கறாங்க.”

அவள் ஒரு பதிவைச் சேமித்தாள்.

“இப்ப?”

“முப்பத்திரண்டு.” அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு சிரிப்பது கேட்டது.

அடுத்த அழைப்பு பூஜ்யத்திடமிருந்து. இந்தத் தடவை பேத்தியை விசாரிக்கவில்லை. ஆட்சிக்குழு முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டதாகச் சொன்னார். ஆணையை மீறியதற்கு நாளைக் காலை மேசையில் குற்றக் குறிப்பாணை இருக்கும், விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும் என்றார். எல்லாப் பதிவிலும் யார் குறி இருக்கிறது என்று தன்னால் பார்க்க முடியும் என்றார்.

“பாருங்க சார். என் குறிதான் இருக்கும். இந்தத் தடவை அதைப் போட்டது நான்.”

வைத்துவிட்டாள். நூலகர் டீ வாங்கிவரப் போனார்.

கடைசியாக ஆற்றோரக் கிளை திரும்பக் கூப்பிட்டது. அவர்களிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பஞ்சாலை நாவல், மூன்றாம் பாகம், பெரிய எழுத்து.

அங்கிருந்த பெண் பாவம், தேடிவிட்டுத்தான் பேசினாள். “அது முதல் லோடுலயே போயிடுச்சு மேடம். போன வாரம். உங்க குறி இருந்துச்சேன்னு...”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அச்சில் இல்லாத பதிப்பு. இனி யாரிடமும் வாங்க முடியாது. எதிரே அவிழ்த்த கட்டுகள் கிடந்தன. காப்பாற்றியதெல்லாம் கண்ணுக்கெதிரே இருந்தும், போன ஒன்றுதான் நெஞ்சில் நின்றது. அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதில் அடுத்த புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அதே மேசையில் உட்கார்ந்திருந்தாள். தங்கை நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். உறை, நிரல், அந்த ஓரெழுத்துக் கட்டம், முத்திரை, லாரி, குறிப்பாணை. பூஜ்யத்தை என்னென்ன பெயரிட்டுத் திட்ட முடியுமோ அத்தனையும் திட்டினாள். அக்கா தங்கையின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப என் புத்தகம் கூழாயிடுச்சு,” என்றாள் கடைசியில்.

“ஆமா.”

“எனக்கு மட்டும்தானா, இல்ல எல்லாருக்குமா?”

“முதல் லோடு போயிடுச்சு. மத்ததை நாளைக்கும் போய் எழுதுவேன். விட மாட்டேன்.”

அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள், திரும்பி வந்தாள். அவள் கோபப்பட்டால் சத்தம் வராது. விரல்கள் மட்டும் துணியில் மடிப்பு எடுப்பதுபோல மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இப்போது தேய்த்தன.

“ஒருத்தன் கண்ணைக் கெடுக்கறதுக்கு ஊசி குத்த வேண்டியதில்ல பாரு,” என்றாள். “ஒரு கட்டத்தைப் பார்க்காம விட்டாப் போதும்.”

கவிழ்ந்து கிடந்த சாதாரணப் பதிப்பை எடுத்தாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், விலக்கினாள், பக்கவாட்டில் சாய்த்தாள். பிறகு அதைத் தங்கையின் பக்கம் தள்ளினாள். தள்ளுவதற்கு அவளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத் தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வாசி.”

தங்கை உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைப் பிரித்தாள். எரிந்த ஆலையின் வாசலில் ஆட்கள் கூடுகிற இடம். அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. வரிகளை வெட்டி வெட்டி வாசித்தாள். பாதிப் பக்கம் போவதற்குள் அக்கா மேசையை ஒரு தட்டுத் தட்டினாள்.

“புள்ளி வெச்ச இடத்துல நிறுத்து. உன் கோபத்தை ஆபீஸ்ல வெச்சுக்கோ, என் கதையில காட்டாத. முதல்ல இருந்து வாசி.”